காவலூரின் மாடமும் நம் வீட்டுக் கூரையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

கோடையில் இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு மேல்மாடி அறைக்குள் நுழைந்தால், சூரியன் மறைந்து வெகுநேரமாகியும் தலைக்கு மேலிருந்து அனல் இறங்குவதை ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையின் கீழும் வாழ்வோர் நன்கறிவர். கூரைக்கும் அதன் கீழ் அடிக்கப்பட்ட ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடையே அடைபட்டு நிற்கும் காற்றே அந்த அனலுக்குப் பெருங்காரணம். அதை வெளியேற்றப் பலரும் முகட்டில் ஒரு டர்போ வென்டிலேட்டரைப் பொருத்துகின்றனர். அது சுழல்கிறது, ஆனால் எதிர்பார்த்த குளிர்ச்சி வருவதில்லை. காற்று வெளியேற வழி செய்தவர்கள், அது உள்ளே நுழைய வழி செய்யவில்லை என்பதே இதன் காரணம். இந்த எளிய உண்மையை மனிதர்கள் பல நாடுகளில், பல நூற்றாண்டுகளில் கற்றிருக்கிறார்கள். அவ்வரலாற்றின் ஓர் ஏடு நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூரை அடையலாம். அங்குள்ள வான் ஆய்வகம் 1968இல் 38 செ.மீ. விட்டமுள்ள சிறிய தொலைநோக்கியுடன் தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் கண்டறிந்தபோது, அதற்குச் சான்று அளித்த இடங்களுள் காவலூரும் ஒன்று. பின்னர் 2.34 மீட்டர் தொலைநோக்கி அமைக்கப்பட்டு, 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியால் திறந்துவைக்கப்பட்டது. ஆய்வகத்துக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

வைணு பாப்புவின் வாழ்வில் நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவருடைய தந்தை ஐதராபாத்தின் நிஜாமிய்யா வான் ஆய்வகத்தில் பணியாற்றியவர். அந்த ஆய்வகம் நவாப் ஜஃபர் ஜங் என்ற பிரபுவின் சொந்த ஆர்வத்தில், அவருடைய சொந்தப் பொருளில் பிறந்தது. 1908இல் நிஜாம் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. வானம் முழுவதையும் படமெடுத்து விண்மீன்களைப் பட்டியலிடும் பன்னாட்டுப் பணியில் அதற்கும் ஒரு பங்கு ஒப்படைக்கப்பட்டது. அந்த ஆய்வகத்தின் நிழலில் வளர்ந்த சிறுவனே பிற்காலத்தில் காவலூரைத் தேர்ந்தெடுத்தான். ஒரு முஸ்லிம் செல்வந்தர் அறிவுக்காகச் செலவிட்ட பொருள் எங்கெல்லாம் பலன் தந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

வான் ஆய்வகத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொலைநோக்கியின் மேல் நிற்கும் மாடமும் ஒரு கூரைதான். பகல் முழுவதும் மூடிக் கிடக்கும் அதனுள் வெப்பம் தேங்குகிறது. இரவில் மாடத்தின் பிளவைத் திறந்ததும் சூடான காற்று மேலெழுந்து வெளியேற முயல்கிறது. வேறு திறப்பு இல்லாவிடில், வெளியிலுள்ள குளிர்ந்த காற்றும் அதே பிளவின் வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும். ஏறும் காற்றும் இறங்கும் காற்றும் ஒரே வாயிலில் மோதிக் கலங்குகின்றன. அக்கலக்கத்தினூடே பார்க்கும்போது விண்மீன் கூர்மையான புள்ளியாகத் தெரியாமல் சிதறித் தெரிகிறது. எவ்வளவு விலையுயர்ந்த ஆடியாயினும் இக்குறையைத் தீர்க்க இயலாது.

ஹவாய்த் தீவின் மவுனா கேயா மலையுச்சியில் கனடாவும் பிரான்சும் ஹவாய்ப் பல்கலைக்கழகமும் இணைந்து அமைத்த தொலைநோக்கி 1979இல் பணியைத் தொடங்கியது. உலகின் மிகச் சிறந்த வான்பார்வைத் தளங்களுள் ஒன்றான அங்கேயே மாடத்துள் தேங்கிய வெப்பம் இடர் தந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், கட்டி முடித்த மாடத்தின் சுற்றுச் சுவரை வெட்டிப் பன்னிரண்டு காற்றுவாயில்களை அமைத்தனர். மேலே பெரிய பிளவு முன்பே இருந்தது. குறைவாயிருந்தது பக்கவாட்டு நுழைவாயிலே.

இந்த அறிவு நம் சமூகத்துக்குப் புதிதன்று. கெய்ரோவில் 14ஆம் நூற்றாண்டில் முஹிப்புத்தீன் அல்முவக்கிஃ என்பவர் எழுப்பிய இல்லத்தின் மண்டபத்தை எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ விரிவாக ஆராய்ந்தார். அதன் வடபுறத்தில் ‘மல்கஃப்’ எனும் காற்றுப்பிடிப்பான் இருந்து, குளிர்ந்த வடகாற்றை உள்ளே இறக்கியது. நடுவே மிக உயர்ந்த கூரைப்பகுதி, அதன் உச்சித் திறப்புகள் வழியே சூடான காற்றை வெளியேற்றியது. ஈரானின் யஸ்த் நகரத்துக் காற்றுக்கோபுரங்களிலும் இதே நெறி உண்டு. அங்கு ஒரே கோபுரத்தின் உள்ளே தடுப்புச் சுவர்கள் எழுப்பி, காற்று வீசும் பக்கம் நுழைவாகவும் மறுபக்கம் வெளியேற்றமாகவும் பிரித்தனர். தவ்லத்தாபாத் தோட்டத்தில் உள்ள கோபுரம் ஏறத்தாழ 33 மீட்டர் உயரமுடையது. மின்விசை இல்லாத காலத்தில், வெளியேறும் காற்றின் இடத்தை வேறு காற்று நிரப்பியாக வேண்டும் என்பதைக் கண்டு அதற்கேற்பக் கட்டினர்.

இன்று நூல்களிலும் விற்பனையாளர் குறிப்புகளிலும் காணப்படும் ‘முந்நூறில் ஒரு பங்கு’ எனும் கணக்கின் வரலாறு வேறு. அமெரிக்காவின் ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன் 1942இல் வெளியிட்ட வீட்டுத் தரவிதிகளில் அது இடம்பெற்றது. கூரைவெளியின் தரைப்பரப்பு 300 சதுர அடியானால், 1 சதுர அடி திறப்பு வேண்டும் என்பது அதன் பொருள். அக்காலத்தில் அங்கிருந்த கவலை வெப்பமன்று. குளிர்காலத்தில் கூரைக்குள் நீராவி படிந்து மரம் உளுத்துப்போவதே. பின்வந்த விதிகள் 150இல் ஒரு பங்கைப் பொதுவாகக் கேட்டன. திறப்பில் ஏறத்தாழப் பாதி முகட்டருகேயும் மீதி கீழேயும் சமநிலையாக அமைந்தால் மட்டுமே 300இல் ஒரு பங்கு போதும் என்றன. பனிக்குப் பிறந்த கணக்கு நம் வெயிலுக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே நாம் 150இல் ஒரு பங்கைக் கொள்வதே நன்று. மேலும் கீழும் சமமாயிருக்க வேண்டும் என்னும் நெறியோ எங்கும் பொதுவானது.

இதனை நம் வீட்டில் எவ்வாறு செயற்படுத்துவது? கூரைவெளி 600 சதுர அடி என்று கொள்வோம். 150இல் ஒரு பங்கு 4 சதுர அடி. அதில் பாதியான 2 சதுர அடி, அதாவது 288 சதுர அங்குலம், இறவாரத்தை ஒட்டித் தாழ்வாக அமைய வேண்டிய நுழைவுத் திறப்பு. பறவையும் எலியும் வௌவாலும் புகாதிருக்க வலை வேண்டும். மழைச்சாரலைத் தடுக்கக் கீழ்நோக்கிச் சாய்ந்த தகடுகள் வேண்டும். இவை திறப்பின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். பாதியே எஞ்சும் என்று கொண்டால், 6 அங்குலத்துக்கு 8 அங்குலம் அளவுள்ள ஒரு திறப்பு உண்மையில் 24 சதுர அங்குலமே காற்றுக்குத் தரும். எனவே அத்தகைய திறப்புகள் பன்னிரண்டு வேண்டும்; ஒரு பக்க இறவாரத்துக்கு ஆறு, எதிர்ப்பக்கத்துக்கு ஆறு. வாங்கும்போது வெளியளவைப் பாராது, காற்றுக்கு எஞ்சும் அளவைக் கேட்டு வாங்குக.

இறவாரம் நீண்டிருந்தால் அதன் அடிப்புறத்தில் தொடர்ச்சியான வலைத்திறப்பு மிகச் சிறந்தது. இறவாரமே இல்லாத சுவராயின், ஃபால்ஸ் சீலிங்குக்குச் சற்று மேலே சுவரில் ஜாலி பதிக்கலாம். நுழைவை முகட்டின் அருகே வைத்தால் வந்த காற்று உடனே வெளியேறிவிடும். கீழேயுள்ள அனல் அசையாது. நுழைவின்றி வெளியேற்றம் மட்டும் இருந்தாலோ, அது சீலிங்கின் இடுக்குகள் வழியே அறையின் குளிர்ந்த காற்றையும் அடுப்பங்கரைப் புகையையும் மேலே இழுக்கும். பெட்டிகளையும் பாய்களையும் அடுக்கி நுழைவை மறைத்துவிடுவதும் நம் வீடுகளில் வழக்கமான பிழை. ரமலானுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யும் நாளில் வலைகளிலுள்ள தூசியையும் தட்டிவிட்டால் ஆண்டுக்கொரு முறை அது நினைவிலிருக்கும்.

இதில் நம் குடும்பங்களுக்குரிய கவலை ஒன்றும் அடங்கியுள்ளது. வெளியார் பார்வை படாதிருக்கப் பல வீடுகளில் சன்னல்களை அடைத்தே வைக்கிறோம். அந்த அடைப்பின் வெம்மையைப் பகலெல்லாம் தாங்குபவர்கள் வீட்டிலிருக்கும் பெண்களும் முதியோரும் கைக்குழந்தைகளுமே. பார்வை மட்டத்துக்கு மேலே, இறவாரத்தின் அடியில் அமையும் திறப்பு மறைவைக் குலைப்பதில்லை. கூரையின் அனலை மட்டும் குறைக்கிறது. ஹயாவுக்கும் காற்றுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே இல்லை.

அல்லாஹ் வானத்தை உயர்த்தி, தராசையும் நிலைநாட்டியதாக அர்ரஹ்மான் அத்தியாயம் நமக்கு நினைவூட்டுகிறது. வானை நோக்கும் காவலூரின் மாடத்துக்கும், அதன் கீழ் உறங்கும் நம் வீட்டுக் கூரைக்கும் அந்தச் சமநிலையே வேண்டும். முகட்டில் மேலும் ஒரு காற்றாடியை வாங்கும் முன், ஏணி வைத்து ஏறி இறவாரத்தைப் பாருங்கள்: காற்று நுழைய வழி இருக்கிறதா?

நம் இல்லங்களை அமைதியும் ஆரோக்கியமும் நிறைந்த இடங்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.