ஆர்க்டிக் அறிவியல் பயணம்: இந்தியாவும் சிங்கப்பூரும்

வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில், நார்வேயின் சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ளது நி-ஓலெசுண்ட். இந்தியாவின் முதல் ஆர்க்டிக் ஆய்வுக் குழு 2007 ஆகஸ்டில் அங்கே போனது. அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது.

நி-ஓலெசுண்ட் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊர். 1962-இல் நடந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள், சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத்தை நடத்திய கிங்ஸ் பே நிறுவனமே இன்று ஊரை நிர்வகிக்கிறது. ஹிமாத்ரி இயங்குவதும் அதனிடம் வாடகைக்கு எடுத்த கட்டடத்தில்தான். மின்சாரம், சாப்பாடு, விமான ஓடுதளம் எல்லாம் அங்கே தயாராக இருந்தன. அண்டார்டிகாவுக்கு எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொண்டுபோன இந்தியாவுக்கு இது பெரிய அனுகூலம்.

செலவை ஏற்பது புவி அறிவியல் அமைச்சகம். கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் பல்கலைக்கழகங்களிடமும் ஆய்வு நிறுவனங்களிடமும் திட்டங்களைக் கேட்டு வாங்கி, தேர்வானவர்களைக் குழுக்களாக அனுப்புகிறது. பனிக்கரடி நடமாடும் இடம் என்பதால் ஊரெல்லையைத் தாண்டத் துப்பாக்கிப் பயிற்சி வேண்டும். அங்குள்ள வானலைத் தொலைநோக்கிக்கு இடைஞ்சல் வராதபடி வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருக்க வேண்டும்.

தமிழர் பெருமைப்பட வேண்டியது ‘இண்டார்க்’. சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறியாளர்கள் உருவாக்கிய இந்தக் கண்காணிப்பகம், 2014 ஜூலையில் நி-ஓலெசுண்டை ஒட்டிய காங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்டது. அடியில் நங்கூரம், மேலே மிதவைகள், இடையில் வெப்பம், உப்புத்தன்மை, நீரோட்டம் அளக்கும் கருவிகள். பனி மூடிய குளிர்காலத்திலும் கடலை அளந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே நோக்கம். இறக்கி வைத்தது நார்வேயின் ‘லான்ஸ்’ கப்பல். கருவி நம்முடையது, கப்பல் அவர்களுடையது. அவர்களுக்குக் கப்பல் ஒழியும் நாளைப் பார்த்தே நம் பயணத் தேதியும் அமையும். பணம் ஓராண்டு தடைப்பட்டாலும் பதிவு அறுந்துவிடும்; விட்டுப்போன குளிர்காலத்தைப் பிறகு அளக்க முடியாது. கருவி மட்டுமல்ல, ஆளும் ஆண்டு முழுவதும் இருப்பதன் அருமை இதுதான். ஆனால் முதல் குளிர்காலக் குழு 2023 டிசம்பரில்தான் ஹிமாத்ரிக்குச் சென்றது.

2013 மே 15 அன்று, சுவீடனின் கிருனாவில், ஆர்க்டிக் நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் மன்றத்தின் பார்வையாளர் தகுதி இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒன்றாகவே கிடைத்தது. சிங்கப்பூருக்கு அங்கே ஆய்வு நிலையம் இல்லை. ஆனால் தீவின் நிலப்பரப்பில் சுமார் 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. சதுப்பு நிலத்தில் உருவான ஜாலான் புசார் வட்டாரவாசிகளுக்குத் தண்ணீர் ஏறுவது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. கிரீன்லாந்தின் நிலப்பனி உருகினால் சிங்கப்பூரிலும் கடல் உயரும். சிங்கப்பூர் தன் பணத்தை ஆர்க்டிக் பூர்வகுடியினரின் கல்விக்கும், அங்குள்ள சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு வலசை வரும் கரையோரப் பறவைகளின் பாதுகாப்புக்கும் செலவிடுகிறது. சிங்கப்பூரின் கெப்பல் நிறுவனம் 2008-இல் ரஷ்ய நிறுவனமொன்றுக்குப் பனியுடைப்புக் கப்பல்களையே கட்டிக் கொடுத்தது. அந்தத் திறமை இன்னும் ஆய்வுக் கப்பலாக மாறவில்லை.