சிரிப்பொலி சேர்க்காத நகைச்சுவை: 1966ஆம் ஆண்டின் ‘பேட்மேன்’ தொடரும் அதன் பார்வையாளர்களும்

1. ஆய்வுப் பொருள்

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1966 ஜனவரி 12 முதல் 1968 மார்ச் 14 வரை 120 எபிசோடுகளாக ஒளிபரப்பான தொடர் ‘பேட்மேன்’. தயாரித்தவர் வில்லியம் டோசியர். அதன் தொனியை வகுத்த எழுத்தாளர் லோரென்சோ செம்பிள் ஜூனியர். ஆடம் வெஸ்ட் பேட்மேனாகவும் பர்ட் வார்டு ராபினாகவும் நடித்தார்கள். அறுபதாண்டுகளாக இத்தொடரைக் கொண்டாடுவோரும் உண்டு, வெறுப்போரும் உண்டு. இரு தரப்பும் பேசுவது ஒரே தொடரைப் பற்றித்தானா என்ற ஐயமே எழும், அவ்வளவு முரண்.

முரணுக்குக் காரணம் தொடரின் ஆக்கத்திலேயே இருக்கிறது. அக்காலத்து அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்ப்பது வழக்கம். பேட்மேனில் அது கிடையாது. நடிகர்களும் சிரிப்பதில்லை. எங்கே சிரிக்க வேண்டும், சிரிக்கத்தான் வேண்டுமா என்பதைத் தொடர் பார்ப்பவரிடமே விட்டுவிட்டது.

2. ஒரே காட்சி, இரண்டு கதை

முதல் எபிசோடிலேயே இதைக் காணலாம். ரிட்லர் என்னும் வில்லனைத் தேடி பேட்மேன் ஒரு நடன விடுதிக்குள் நுழைகிறார். முகமூடி, நீண்ட மேலங்கி, மார்பில் வௌவால் சின்னம். அந்தக் கோலத்தோடு, யார் கவனத்தையும் கவர வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கப் பார்க்கிறார். மது கேட்கவில்லை, ஆரஞ்சுச் சாறு கேட்கிறார். ராபினுக்கு வயது போதாததால் விடுதிக்குள் அனுமதி இல்லை. சட்டத்தை மதித்து வெளியே காரிலேயே காத்திருக்கிறான். சாற்றில் மயக்க மருந்து. தள்ளாட்டத்தில் பேட்மேன் இரு விரல்களைக் கண்ணோரம் ஓட்டி ஆடுகிறார். அந்த நேரத்தில் ராபின் கடத்தப்படுகிறான்.

பெரியவர்களுக்கு இது வயிறு குலுங்கும் காட்சி. ஏழு வயதுச் சிறுவனுக்கோ பேரிடர்: நாயகனை மருந்து வீழ்த்திவிட்டது, துணைவன் எதிரி கையில். இதில் வசனம் ஒன்றைக்கூட மாற்றத் தேவையில்லை. ஆடம் வெஸ்ட் அக்காட்சியில் ஒருமுறை கண்சிமிட்டியிருந்தால் சிறுவனின் கதை அங்கேயே செத்திருக்கும். அவர் செய்யவில்லை. அவருடைய நடிப்பைக் கேலிக்கூத்து என்று எழுதியவர்கள் அந்தக் கட்டுப்பாட்டைக் கவனிக்கவில்லை. எனக்கு அதுவே இத்தொடரின் பெரிய சாதனை.

3. சிறுவர்கள்

முதல் இரண்டு பருவங்களில் தொடர் பெரும்பாலும் புதன், வியாழன் என அடுத்தடுத்த மாலைகளில் வந்தது. புதன்கிழமை எபிசோடு நாயகர்களை மரணப்பொறியில் மாட்டிவிட்டு முடியும். நாளை இதே நேரம், இதே சேனல் என்று டோசியரே பின்னணிக் குரலில் அழைப்பார். 1965–66 பருவத்தின் நீல்சன் பார்வையாளர் தரவரிசையில் வியாழன் எபிசோடுகள் 5ஆம் இடத்திலும், புதன் எபிசோடுகள் அதற்குக் கீழே 10ஆம் இடத்திலும் இருந்தன. மாட்டிக்கொண்ட நாயகன் எப்படித் தப்பினான் என்று பார்க்க வந்தவர்களே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

அந்த ஈடுபாட்டின் அளவை 1966 மார்ச் 16, புதன்கிழமை காட்டியது. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் சென்ற ஜெமினி 8 விண்கலம் கட்டுப்பாடு இழந்து சுழன்றபோது, ஏபிசி பேட்மேனை இடைநிறுத்திச் செய்தி ஒளிபரப்பியது. இரண்டு உண்மையான மனிதர்களின் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்க, தொடரை ஏன் நிறுத்தினீர்கள் என்று நிலையத்துக்குத் தொலைபேசிப் புகார்கள் வந்தன. இதைப் பொறுப்பின்மை என்று பலர் எள்ளியதுண்டு. அந்நேரத்தில் டிவி முன் இருந்தவர்களில் எத்தனையோ பேர் குழந்தைகள். அவர்களைப் பொறுத்தவரை ஆபத்தில் இருந்தவர்கள் நால்வர்.

4. பெரியவர்கள்

பெரியவர்களின் வரவேற்புக்குக் காலச்சூழல் கைகொடுத்தது. ஓவியர்கள் வார்ஹோலும் லிக்டன்ஸ்டைனும் விளம்பரப் படங்களையும் சித்திரக்கதைக் கட்டங்களையும் கலைக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டிருந்தார்கள். மிகைப்பாட்டையும் செயற்கையையும் ரசிக்கும் ‘கேம்ப்’ ரசனை பற்றி சூசன் சொன்டாக் 1964இல் எழுதிய கட்டுரை பேச்சாகியிருந்தது. சண்டையின் நடுவே திரையை நிறைக்கும் ஒலி எழுத்துகள், வில்லன்களின் கூடாரம் என்றால் சாய்ந்துவிடும் கேமரா, மீசையை மழிக்க மறுத்து அதன்மேலேயே வெள்ளைப் பூச்சு பூசிக்கொண்ட சீசர் ரொமேரோவின் ஜோக்கர் என எல்லாம் அந்த ரசனைக்குத் தீனி. சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி பரிந்துரையும் கிடைத்தது.

ஆனால் மோகம் நிலைக்கவில்லை. இரண்டாம் பருவத்திலேயே பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது. மூன்றாம் பருவத்தில் வாரம் ஒருமுறையானது. வித்தியாசத்துக்காக வந்தவர்களுக்கு, வித்தியாசம் பழகியதும் வேலை முடிந்தது.

5. சித்திரக்கதை வாசகர்கள்

பேட்மேன் சித்திரக்கதையில் பிறந்த நாயகன் என்பதால் புண்பட்டவர்கள் இவர்களே. 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் சித்திரக்கதைகள் சிறுவர்களைக் கெடுப்பதாக எழுதிய நூலும், அதே ஆண்டு பதிப்பாளர்கள் வகுத்துக்கொண்ட தணிக்கை விதிகளும் இவர்களுடைய வாசிப்பைக் குற்றம்போல் ஆக்கியிருந்தன. அந்த நிழல் நீங்குமுன் நாடே கூடி பேட்மேனைப் பார்த்துச் சிரித்தது. அப்போது பதின்ம வயதிலிருந்த மைக்கேல் உஸ்லன், உலகம் தன் நாயகனை எள்ளி நகையாடுவதைக் கண்டு மனம் நொந்ததைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இருண்ட, தீவிரமான பேட்மேனைத் திரைக்குக் கொண்டுவர 1979இல் படவுரிமையைப் பெற்றவர் அவர்தான். 1989இல் டிம் பர்ட்டன் இயக்கிய படம் அதன் விளைவு. ஒரு தொடர்மீதான கோபம் இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு படமாக வெளிப்பட்டது என்றால் அந்தக் கோபத்தை அற்பமாக எண்ண முடியாது.

6. பார்வையாளரிடம் விடாத ஒன்று

எல்லாவற்றையும் பார்ப்பவர் முடிவுக்கு விட்ட தொடர் ஓரிடத்தில் பின்வாங்கியது. ஜூலி நியூமர் கேட்வுமன் என்னும் வில்லியாக நடித்தபோது அவளுக்கும் பேட்மேனுக்கும் இடையே காதல் சீண்டல் இருந்தது. மூன்றாம் பருவத்தில் கறுப்பினக் கலைஞர் ஏர்த்தா கிட் அவ்வேடத்தை ஏற்றபின் அது ஏறக்குறைய மறைந்தது. கலப்புமணத் தடைச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதவை என அறிவித்தது 1967 ஜூனில். அப்பருவம் தொடங்கியது செப்டம்பரில். வெள்ளையினப் பார்வையாளர்களின் எதிர்வினைக்கு முன்கூட்டியே அஞ்சியதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அப்படியும் கிட்டின் உறுமலும் நடையும் திரையைப் பிடுங்கிக்கொண்டன.

7. மறுஒளிபரப்புக் காலம்

மறுஒளிபரப்புகள் இத்தொடரைத் தலைமுறைகளுக்குக் கடத்தின. லின் ஸ்பிகலும் ஹென்றி ஜென்கின்ஸும் பார்வையாளர்களின் நினைவுகளைத் திரட்டி எழுதி 1991இல் வெளியான ஆய்வு இங்கே இன்றியமையாதது. ஒரே ஆளுக்குள் மூன்று பார்வையாளர்கள் இருக்கலாம் என்பதை இத்தகைய நினைவுகள் உணர்த்துகின்றன: நம்பிய குழந்தை, கூச்சப்பட்ட இளைஞன், இரண்டையும் சேர்த்து ரசிக்கும் நடுவயதுக்காரர். உரிமைச் சிக்கல்களால் 2014 நவம்பர் வரை தொடர் முழுமையாக டிவிடியில் வரவில்லை. அதுவரை பலருக்கும் நினைவும் மறுஒளிபரப்புமே ஆதாரம்.

சித்திரக்கதை உலகின் மனமாற்றம் அதற்கு ஓராண்டு முன்பே நடந்துவிட்டது. 2013இல் பேட்மேன் சித்திரக்கதைகளின் பதிப்பாளரான டிசி நிறுவனம் ‘பேட்மேன் ’66’ என்ற வரிசையை, ஆடம் வெஸ்டின் முகச்சாயலோடு, அந்தப் பளிச்சென்ற நிறங்களோடு வெளியிட்டது. எந்த வாசகர்கள் அன்று அவமானப்பட்டார்களோ, அதே வாசகர்கள் வந்துபோகும் காமிக்ஸ் கடைகளில்தான் அது விற்றது.