உண்பவள் 0.8, உழைப்பவள் பூஜ்யம்: குமரி முந்திரி ஆலைகளும் 1957ஆம் ஆண்டுத் தீர்மானமும்

குமரி மாவட்ட முந்திரி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தத்துக்குத் திரண்டார்கள், ஆனால் சங்கத்துக்குள் சமத்துவம் கேட்கவில்லை. வீட்டுச் சுமையும் கூச்சமும் அவர்களைத் தடுத்தன என்பது ஓரளவு நிலைபெற்றுவிட்ட வாசிப்பு. தடையின் பெரும்பகுதி, சங்கங்களே பேச்சுவார்த்தைக்குக் கையோடு கொண்டுபோன ஓர் அளவுகோலில் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் தீர்மானம்தான் அது. 2,700 கலோரி, ஆண்டுக்குத் தலைக்கு 18 கெஜம் துணி என்ற அதன் கணக்கைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அதற்கு முந்தைய வரியில் நின்று பார்த்தவர்கள் குறைவு. சம்பாதிப்பவர் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகுகள். பெண்கள், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் ஈட்டுவதைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்கிறது அவ்வரி. மனைவியின் கூலியைக் காட்டிக் கணவன் கூலியை முதலாளி குறைக்காமலிருக்க வைத்த காப்பு இது என்று முன்னையோர் படித்தனர். நோக்கம் அதுவாகவே இருக்கலாம். ஆனால் மூன்று அலகுகளை வழக்கமாகப் பிரிக்கும் முறையில் கணவனுக்கு 1, மனைவிக்கு 0.8, இரு குழந்தைகளுக்கும் தலா 0.6. உண்பவளாக 0.8 பெறும் பெண், உழைப்பவளாகப் பூஜ்யம். ஆண்கள் நிறைந்த துறைமுகத்தில் இது உறுத்தாமல் போகலாம். அண்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் முந்திரி ஆலையில் தல்லுவது (கொட்டையை உடைப்பது), தோலுரிப்பது, தரம்பிரிப்பது எல்லாம் பெண்கள். (இந்த ஆலைகள் நெல்வயல் சூழ்ந்த நாஞ்சில் நாட்டுப் பகுதியில் அல்ல, மேற்கே விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில்தான் மிகுதி. கேரளத்தில் கூலி ஏறியபோது கொல்லத்து முதலாளிகள் எல்லை தாண்டி வந்ததும் இங்கேதான்.)

அலகு யாருக்கானாலும் வரும் தொகை ஒன்றுதானே என்பர். நாள்கூலிக்கு அது சரி. தல்லுகிறவருக்கு எடைக்கூலி. ஓட்டெண்ணெய் தோலை அரிக்காதிருக்கக் கையில் சாம்பல் தடவி, கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்கிறாள். கொட்டை சிறுத்ததும் வறுவல் பதம் தப்பியதும் அவள் செயலல்ல. மாலைத் தராசில் மட்டும் அவள் கணக்கில் வந்துவிடும். எத்தனை கிலோ ஒரு நாளைக்குச் சமம் என்ற விகிதமே அவளுடைய உண்மையான கூலி. அதைப்பற்றித் தீர்மானம் வாய் திறக்கவில்லை. துண்டுவேலைக்கும் நேரக்கூலிக்குக் குறையாமல் தரச் சொன்ன, 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 17ஆவது பிரிவும், துண்டுக்கூலி தனியே நிர்ணயமாகிவிட்ட இடத்தில் துணைக்கு வரவில்லை.

1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டமும் உதவவில்லை. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆவது உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றது. சட்டமோ ஒரே வேலை, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை என்று சுருக்கிக்கொண்டது. தல்லுமிடத்தில் ஒப்பிட்டுக் காட்ட ஆண் எங்கே?

1979இல் சென்னையில் சி.ஐ.டி.யு. அமைத்த, விமலா ரணதிவே முன்னின்று நடத்திய உழைக்கும் பெண்கள் ஒருங்கிணைப்புக் குழுவை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். குழந்தைக் காப்பகமும் கழிப்பறையும் கேட்ட மகளிர் பிரிவாக மட்டும் அதைச் சுருக்குவது போதாது. சங்க நிர்வாகத்தில் பெண்களுக்கு இடம் என்ற அதன் கோரிக்கை, முந்திரி ஆலையைப் பொறுத்தவரை, கிலோ விகிதம் பேசும் மேசையில் தராசை அறிந்தவருக்கு இடம் என்றே பொருள்படும். பேட்டிகளில் பெண்களே கணவன் வருமானத்தைத்தான் முதன்மையாகச் சொன்னார்கள் என்று இந்த வாசிப்புக்கு எழக்கூடிய மறுப்பில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. பேட்டியில் கணவரை முன்னிறுத்திப் பேசுவது ஊர் வழக்கம். அதை வைத்து வீட்டு வரவுசெலவை எழுத முடியாது.

துண்டுவேலைக்கும் நேர அடிப்படையிலான கூலி உத்தரவாதத்தை 1948ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் விருப்பத்துக்கு விட்டிருந்தது. 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் சம ஊதியத்துக்கு அதே பழைய ‘ஒரே வேலை’ வரையறையைத்தான் அச்சட்டமும் வைத்திருக்கிறது.