மலை ரயில் ரத்து.. செஞ்சது யாரு? ஆங்கிலத்தில் பாஸிவ் வாய்ஸ் மாற்றுவது எப்படி?

மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையில் மண் சரிந்தால், 'த ட்ரெயின் ஹேஸ் பீன் கேன்சல்டு' என்று அறிவிப்பு வரும். ரத்து செய்தது யார் என்பது அதில் இருக்காது. இதுதான் பாஸிவ் வாய்ஸ். 'சதர்ன் ரயில்வே ஹேஸ் கேன்சல்டு த ட்ரெயின்' என்றால் ஆக்டிவ்.

மாற்றுவது எப்படி? எஸ்டேட் வேலையையே எடுத்துக்கலாம். 'வொர்க்கர்ஸ் ப்ளக் டீ லீவ்ஸ்'. இதில் பறிக்கப்படுவது டீ லீவ்ஸ்; அதை முன்னாடி கொண்டு வாங்க. அடுத்து 'ஆர்', பிறகு வினையின் மூன்றாம் வடிவமான 'ப்ளக்டு', கடைசியில் 'பை வொர்க்கர்ஸ்'. அதாவது, 'டீ லீவ்ஸ் ஆர் ப்ளக்டு பை வொர்க்கர்ஸ்'.

மார்க் போவது பெரும்பாலும் நடுவில் வரும் அந்தச் சின்னச் சொல்லில்தான். காலம் மாறக் கூடாது. ஒருமையா பன்மையா என்பதைப் புது எழுவாயைப் பார்த்து முடிவு பண்ணணும். 'யுனெஸ்கோ லிஸ்டட் த ரயில்வே இன் 2005' என்பது இறந்தகாலம், முன்னால் வரப்போவது ஒருமை. எனவே 'த ரயில்வே வாஸ் லிஸ்டட் பை யுனெஸ்கோ இன் 2005'. 'த ட்ரெயின் அரைவ்டு' போல செயப்படுபொருளே இல்லாத வாக்கியத்தை மாற்ற முடியாது, முயற்சி பண்ண வேண்டாம்.

தமிழில் 'படு' செய்யும் வேலை இது: பறித்தார்கள், பறிக்கப்பட்டது. (செய்தி எழுதும் நாங்கள் இதை அளவுக்கு மீறியே பயன்படுத்துறோம்!) 'பை' பகுதியை விட்டாலும் இலக்கணம் ஒத்துக்கொள்ளும், 'டீ லீவ்ஸ் ஆர் ப்ளக்டு' முழு வாக்கியம்தான். கூடை சுமந்து பறித்த அக்காக்கள்தான் அதில் காணாமல் போயிருப்பாங்க. அதனால் தேர்வில் எழுவாய் 'சம்ஒன்', 'பீப்பிள்' என்று வந்தால் மட்டும் 'பை'யை விடுங்க, மற்றபடி எழுதிடுங்க.