சேலத்தில் மூடிய கள்ளுக்கடைகள்

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தின் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. சென்னை மாகாணச் சட்டமன்றம் அந்த ஆண்டு நிறைவேற்றிய மதுவிலக்குச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்தது இந்த ஒரு மாவட்டத்தில்தான். அன்றைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் நிலமும் அதற்குள் அடங்கியிருந்தது. காவிரிக்கரை வயல்கள், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்து மானாவாரிக் காடுகள், குகை, அம்மாபேட்டை நெசவாளர் தெருக்கள், சேர்வராயன், கொல்லி, கல்வராயன் மலையூர்கள் என எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே சட்டம் வந்தது.

இந்தப் பகுதியில் கள்ளின் வரலாறு மிகப் பழையது. தகடூரை (இன்றைய தருமபுரியை) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய இரங்கற்பா புறநானூற்றில் இருக்கிறது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் தங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் தங்களைப் பாடவைத்துத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று அவனை நினைத்து அவர் வருந்துகிறார். யவனர் கலங்களில் வந்த தேறலைப் பற்றியும் அதே தொகுப்பு பேசுகிறது. அந்தத் தேறல் கடற்கரைப் பட்டினங்களுக்கும் வேந்தர் அரண்மனைக்கும் உரியது. உள்நாட்டுச் சமவெளி தன் மரங்களிலிருந்தே மதுவை எடுத்துக்கொண்டது. காவிரியை ஒட்டிய தாலுகாக்களில் தென்னையும் பனையும், வடக்கே இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பக்கம் ஈச்சமரமும் கள் தந்தன.

கள் இறக்குவது கைத்திறன் மிகுந்த வேலை. பாளையை நாள்தோறும் பக்குவமாகத் தட்டி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்ட வேண்டும். காலையும் மாலையும் மரம் ஏறியாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பாளை உலர்ந்துவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் வடிவது இனிப்பு மாறாத பதநீர். சேலம், நாமக்கல் பக்கம் அதற்குத் தெளுவு என்று பெயர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலுள்ள நுண்ணுயிரிகளே சில மணி நேரத்தில் அதைப் புளிக்கவைத்துக் கள்ளாக்கிவிடும். ஆகவே கள்ளைத் தொலைவுக்குக் கொண்டுபோகவோ நாள்கணக்கில் இருப்பு வைக்கவோ வழியில்லை. இறக்கிய ஊரிலேயே அன்றன்றைக்கு விற்றுத் தீர்ந்தது. சாராயத்தின் கதை வேறு. வெல்லக் கரைசலில் வெள்வேலம் பட்டையைப் போட்டு ஊறவைத்துக் காய்ச்சி வடித்த பட்டைச் சாராயம் நாள்பட்டாலும் கெடாது, வண்டியேற்றி எங்கும் அனுப்பலாம். வரி வாங்குகிற அரசுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. நிலவரியை ஒழுங்குபடுத்திய ஆட்சி மதுவையும் வருவாய்க் கணக்கில் சேர்த்தது. முதலில் குத்தகை முறை நிலவியது: காய்ச்சவும் விற்கவும் உள்ள உரிமையை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவர், தாம் கட்டிய பணத்துக்கு மேல் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவையும் ஊராரிடமிருந்து எடுத்தார். 1886இல் சென்னை ஆப்காரி (மதுத் தீர்வை) சட்டம் வந்தபின் பிடி இன்னும் இறுகியது. உரிமம் இல்லாமல் கள் இறக்குவது குற்றமாயிற்று. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு மரவரி வசூலித்தார்கள். சாராயம் காய்ச்சுவது பெரிய வடிசாலைகளுக்கு மாறியது. கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. அதிகத் தொகை கேட்டவருக்கே கடை. ஏலத் தொகையை மீட்க அவர் அதிகம் விற்றாக வேண்டியிருந்தது. குடிப்பவரின் பலவீனத்தை மட்டும் பார்த்து இந்த வரலாற்றை எழுதுவது நியாயமாகாது. ஊர்க்கோடியில் இருந்த கள்ளுக்கடை தனியார் கடைபோலத் தோன்றினாலும், அதன் பின்னால் ஏலமும் உரிமமும் வரிக்கணக்கும் வைத்திருந்தது அரசாங்கம். 1930களில் சென்னை மாகாண வருவாயில் ஏறத்தாழ கால் பங்கு ஆப்காரியிலிருந்து வந்தது.

இந்த அமைப்பின்மேல் முதல் பெரிய அடி 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தோடு விழுந்தது. கடைமுன் மறியல் நடந்தது, ஏலம் கேட்கக்கூடாது என்ற பிரசாரம் ஊர் ஊராகப் பரவியது. காவிரிக்கு மேற்கே ஈரோட்டில் பெரியார் ஈ.வெ.ராமசாமி மறியலை முன்னின்று நடத்தினார். அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டி மறியலில் இறங்கினார்கள். சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான தோப்பில் கள்ளுக்கு விடப்பட்டிருந்த 500 தென்னைகளைப் பெரியார் வெட்டிச் சாய்த்தது அக்காலத்தில்தான். தம் கொள்கைக்காகத் தம் சொத்தையே அழித்துக்கொண்ட செயல் அது. அதன் பெருமையை யாரும் மறுக்க மாட்டார்கள். மரத்தையே நம்பிப் பிழைத்தவர்கள் அதன்பின் எங்கே போவார்கள் என்ற கேள்வி அப்போது அதிகம் எழவில்லை. அடுத்த பல பத்தாண்டுகளிலும் அந்தக் கேள்விக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

சேலத்தை மதுவிலக்கின் முதல் களமாக ஆக்கியவர் சி.இராஜகோபாலாச்சாரியார் (இராஜாஜி). 1878இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, நகராட்சித் தலைவராகவும் பணியாற்றியவர். 1925 பிப்ரவரி 6 அன்று திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அந்த ஊரின் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் அதற்கு நிலம் கொடுத்தார். சுற்றிலும் மழையை நம்பிய புன்செய் நிலங்கள். ஆசிரமம் பெண்களுக்கு இராட்டையும் பஞ்சும் கொடுத்து, நூற்ற நூலுக்குக் கூலி தந்தது. வீட்டில் ஒருவர் சிறுகச் சேர்த்த காசு இன்னொருவர் கையால் கடைக்குப் போவதை அங்கே நாள்தோறும் நேரில் பார்க்க முடிந்தது. கதரும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் அந்த ஆசிரமத்தில் தனித்தனி வேலைகளாக இருக்கவில்லை.

புதுப்பாளையத்திலிருந்து 1929இல் 'விமோசனம்' என்ற மாத இதழ் வெளிவந்தது. மதுவிலக்குக்காக மட்டுமே நடத்தப்பட்ட தமிழ் இதழ் அது. இராஜாஜி ஆசிரியர், உதவியாக இருந்தவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. கதை, படம், எளிய கட்டுரை வழியாக, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி செய்தியைச் சொன்னார்கள். பின்னாளில் தமிழ்நாடே விரும்பிப் படித்த ஓர் எழுத்தாளரின் நடை, இந்தச் சிற்றூர்ப் பிரசார இதழிலும் பயிற்சி பெற்றது. உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் இதழ் நின்றுபோயிற்று.

1937 தேர்தலில் காங்கிரஸ் வென்று, ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். மூன்று மாதங்களுக்குள் சட்டம் வந்தது. மாகாணம் முழுவதற்கும் ஒரேயடியாகக் கொண்டுவராமல், தாம் நன்கறிந்த ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்த்து விரிப்பது என்று முடிவெடுத்தார். சட்டத்தில் சில விலக்குகள் இருந்தன. தேவாலய வழிபாட்டுக்குத் திராட்சை மது வைத்துக்கொள்ளலாம், மருந்துக்கும் இடமுண்டு. கடைகளை மூடியதோடு வேலை முடிந்துவிடவில்லை. மாலையில் கால்கள் பழகிய வழியில் போகும் என்பதால், தேநீர்க் கடைகள், பஜனை, நாடகம், விளையாட்டு ஆகியவற்றுக்கு ஊர்தோறும் ஏற்பாடு செய்தார்கள். ஊர்க் குழுக்கள் அமைத்தார்கள். இனிப்புப் பதநீர் இறக்க உரிமம் கொடுத்தார்கள். மரமேறிகளைக் கருப்பட்டி காய்ச்சும் தொழிலுக்குத் திருப்ப முயன்றார்கள்.

என்ன மாறியது என்று அறியப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர்கள் அந்த ஆண்டுகளிலேயே மாவட்டத்துக்கு வந்து குடும்ப வரவுசெலவுகளைக் கேட்டறிந்தார்கள். சோற்றுக்கும் துணிக்கும் கூடுதலாகச் செலவிட முடிந்தது, கடன் குறைந்தது என்ற செய்திகள் கூலிக்குடும்பங்களிலிருந்து வந்தன. இன்னொரு புறம், மரமேறியின் வருமானம் சரிந்தது. கள்ளுக்குக் கிடைத்த காசு தெளுவுக்குக் கிடைக்கவில்லை. கருப்பட்டி காய்ச்ச விறகும் அடுப்படியில் ஆள்பலமும் தேவை. தெளுவு உரிமம் வைத்துக்கொண்டு சுண்ணாம்பு தடவாத கலயம் கட்டியவர்களும் உண்டு. மலையடிவாரங்களில் ஊறல் போடுவது தொடர்ந்தது. காவிரிக்கு அக்கரையில் பவானியிலும் ஈரோட்டிலும் கடைகள் திறந்தே இருந்ததால் ஆற்றைக் கடந்துபோய்க் குடித்துவரவும் வழியிருந்தது.

மதுவிலக்கு 1938 அக்டோபரில் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 அக்டோபரில் வட ஆற்காட்டுக்கும் விரிந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் பொருள்கள் அனைத்துக்குமான விற்பனை வரி முதலில் வந்தது சென்னை மாகாணத்தில்தான். சேலத்துக் கள்ளுக்கடை மூடியதன் மிக நீண்ட விளைவு இதுவே. கடைகள் பின்னர் பலமுறை திறந்தன, ஆனால் அந்த வரி பல பத்தாண்டுகள் நீடித்தது.

1939 இறுதியில் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி 1943இல் மதுவிலக்கை நிறுத்திவைக்க முடிவெடுத்தது. கடைகள் மறுபடி திறந்தன. விடுதலைக்குப் பின் 1948 அக்டோபர் 2 அன்று, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971 ஆகஸ்டில் மு.கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது. வேண்டாம் என்று முதலமைச்சரை நேரில் சந்தித்துக் கேட்டுக்கொண்ட இராஜாஜிக்கு அப்போது வயது 92. 1974இல் மீண்டும் மதுவிலக்கு. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மீண்டும் அனுமதி. 1983இல் அரசின் வாணிபக் கழகமான டாஸ்மாக் தொடங்கியது. 1987 முதல் கள் விற்பனைக்குத் தடை. 2003இல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது.

ஆலையில் காய்ச்சிப் புட்டியில் அடைத்த மதுவை அரசே விற்கும் மாநிலத்தில், மரத்திலிருந்து இறக்கும் கள் மட்டும் குற்றமாக நீடிக்கிறது. கொங்கு, சேலம், நாமக்கல் பகுதி உழவர் அமைப்புகள் இந்தத் தடையை நீக்கக் கோரிப் பல ஆண்டுகளாகப் போராடுகின்றன. மதுவிலக்கை ஏற்பவர்கூட இந்த ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்துவது கடினம். இதற்கிடையில் மரமேறும் தொழிலைக் கற்றவர்கள் அருகிவிட்டார்கள். செங்கல் சூளைக்கு விறகாகப் பனைகள் ஏராளமாகச் சாய்ந்தன. 2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து வரப்புகளில் மிஞ்சியிருக்கும் பனைகளில் பருவகாலத்தில் தெளுவு இறக்குகிறார்கள்.