கலமும் குப்பியும்: யவனர் கண்ணாடி குறித்து ஒரு சொல்லாய்வு

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள வரலாற்று ஆய்வுக் கழகம், வடக்கன் பறவூரை அடுத்த பட்டணத்தில் 2007இல் அகழாய்வைத் தொடங்கியது. பழைய முசிறியோடு பலரும் இணைத்துக் கருதும் இவ்விடத்தில் உரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. புறத்தே வரிவரியாகப் புடைப்புகள் கொண்ட இவ்வகைக் கிண்ணம் ஊதிச் செய்யப்பட்டதன்று. இளகிய கண்ணாடித் தட்டை அச்சின்மேல் படியவிட்டுச் செய்யப்பட்டது. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்விலும் இத்தகைய துண்டுகள் வெளிப்பட்டன. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்புளூசு என்னும் கிரேக்க நூல், முசிறிப் பகுதியின் இறக்குமதிப் பொருள்களுள் வார்க்கப்படாத கண்ணாடியையும் சிறிதளவு மதுவையும் குறிக்கிறது.

இச்சான்றுகளைச் சங்க இலக்கியத்தோடு பொருத்துமிடத்துச் சொற்சிக்கல் எழுகிறது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டு, யவனர் தந்த தேறலைக் குறிக்கையில் 'நன்கலம்' என்கிறது. கலம் என்பது மரக்கலத்தையும் குறிக்கும், பாண்டத்தையும் குறிக்கும். பழைய உரைகாரர் அதனைக் குப்பி என்று கொண்டார். பிற்கால மொழிபெயர்ப்பாளருள் மரக்கலம் எனக் கொண்டாரும் உளர்.

உரைகாரரைப் பின்பற்றுவோர்க்கு மற்றோர் இடர் உண்டு. மலையாளத்தில் இன்று குப்பி என்றால் கண்ணாடிப் புட்டியே நினைவுக்கு வரும். கண்ணாடி வளையல் அங்குக் குப்பிவளை எனப்படும். தமிழிலோ மாட்டுக் கொம்பின் நுனியிற் செறிக்கும் உலோகப் பூணும் குப்பியே. எனவே அச்சொல் வடிவத்தைச் சுட்டுவதேயன்றி, செய்பொருளைச் சுட்டுவதன்று. இன்றைய வழக்கை உரைக்குள் ஏற்றிக் 'கண்ணாடிப் புட்டி' எனப் பெயர்த்தால், பாட்டிலும் உரையிலும் இல்லாத ஒரு சான்றை நாமே படைத்தவராவோம். மூலம் அறியாத வரலாற்றாசிரியர் அதனை மெய்யெனக் கொள்ளவும் கூடும்.

அகழாய்வு காட்டும் நிலையும் வேறு. மது வந்தது இருகாதுடைய சுடுமண் சாடிகளில். அவற்றின் ஓடுகள் பட்டணத்தில் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. கண்ணாடி, கிண்ணமாக வந்தது. பாட்டிலோ மகளிர் தேறலை ஏந்தி ஊட்டுவது பொற்கலத்தில்.

ஆகவே, யவனர் கண்ணாடிக் கிண்ணம் இந்நிலத்திற்கு வந்தமைக்கு மண்ணே சான்று, இப்பாட்டு அன்று. மொழிபெயர்ப்பில் 'நல்ல கலம்' எனப் பொதுமையில் நிறுத்தி, இருபொருளையும் குறிப்பில் விளக்குவதே முறையாகும். அவ்வாறு செய்ய இயலாத மொழியில், எப்பொருளைத் தேர்ந்தோம் என்பதையேனும் கூறுதல் வேண்டும்.