ஸ்தாபகராக விளங்கிய டீன்: ஜே. வாரன் பெர்ரியின் உத்தியோக வாழ்வு குறித்து ஓர் ஆராய்ச்சி

சர்வகலாசாலை ஆசிரியர் ஒருவரின் வாழ்வை அவர் கண்டறிந்த உண்மைகளையும் இயற்றிய நூல்களையும் கொண்டு எடைபோடுவது அறிஞருலகின் வழக்கம்; பௌதிகத்துக்கும் சரித்திரத்துக்கும் அது பொருந்துமாயினும், துணை வைத்தியத் துறைகளில் டீன் பதவி வகித்தோரிடத்து அதனை அப்படியே பிரயோகிப்பது நியாயமாகாது என்பதே என் கட்சி. பபலோவிலுள்ள நியூயார்க் மாநிலச் சர்வகலாசாலையில் அத்துறைப் பள்ளிக்கு 1966-இல் முதல் டீனாக வந்த ஜே. வாரன் பெர்ரியின் உத்தியோக வாழ்வை இதற்குச் சான்றாகக் கொள்கிறேன்.

பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஆய்வுக்கூடப் பரிசோதனை, எக்ஸ்ரே முதலிய துணை வைத்தியத் தொழில்கள் அமெரிக்காவில் பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளை அண்டி, தனித்தனிப் பயிற்சிகளாக வளர்ந்தவை; ஒவ்வொன்றுக்கும் தனிச் சங்கமும் தனி அபிமானமும் இருந்தமையால், ஒரே நோயாளிக்குப் பணிபுரிவோர் மாணவப் பருவத்தில் ஒருவரையொருவர் அறிவதும் அரிதாயிருந்தது. பென்சில்வேனியா சர்வகலாசாலை 1950-இலும், டேரல் மேஸை டீனாகக் கொண்டு புளோரிடா சர்வகலாசாலை 1958-இலும் இவற்றை ஒருங்கு சேர்த்துப் பயிற்றத் தொடங்கின.

பெர்ரி பபலோவுக்கு வந்தது மத்திய அரசின் தொழில்வழிப் புனர்வாழ்வு இலாகாவிலிருந்து. இதனைத் தற்செயலென்று நான் கருதவில்லை. காலிழந்த ஒருவன் மீண்டும் ஜீவனோபாயம் தேடுவதற்குச் செயற்கைக்கால் செய்பவரும், நடை பழக்குபவரும், வேலைக்கு வழிகாட்டுபவரும் ஒருசேர வேண்டுமென்பதை அன்றாடம் காட்டும் இலாகாவில் பழகியவருக்கு, அவர்தம் கல்வியும் ஒருசேர நிகழவேண்டுமென்ற எண்ணம் உதிப்பது இயல்பே.

இத்துறைப் பள்ளிகளின் வளர்ச்சிக்கெல்லாம் காரணம் பணமேயன்றி டீன்கள் அல்லர் என்று வாதிப்போர் உண்டு. அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 1965-இல் முதியோருக்கான மெடிகேர் திட்டம் சட்டமாகி வைத்தியப் பணியாளரின் தேவையைப் பெருக்க, மறு ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி ஜான்சன் கையொப்பமிட்ட பயிற்சிச் சட்டம் இத்தகைய பள்ளிகளுக்குத் திரவிய உதவியைத் திறந்துவிட்டது. ஆயின் அச்சட்டம் சங்கமொன்றைப் பிறப்பிக்கவில்லை, பத்திரிகையொன்றை நடத்தவுமில்லை. 1967-இல் டீன்கள் கூடித் துணை வைத்தியப் பள்ளிகளின் சங்கத்தை நிறுவியபோது அதில் முன்னின்றவரும், 1972-இல் அச்சங்கம் தொடங்கிய ஆராய்ச்சி ஏட்டுக்கு முதல் ஆசிரியரானவரும் பெர்ரியே. இரண்டாவது செயலையே நான் பெரிதென மதிக்கிறேன். ஏனெனில், பதவி உயர்வுக் குழுவின் முன் நிற்கும் ஆசிரியர் தம் ஆராய்ச்சியைத் தம் துறையினர் படிக்கும் ஏட்டில் காட்டவியலாத வரையில், அவருடைய துறை சர்வகலாசாலைக்குள் விருந்தாளியாகவே இருக்கும். அதனை வீட்டாராக்குவதற்கு ஏடு இன்றியமையாதது.

பெர்ரி விழைந்த ஐக்கியம் பூரணமாகக் கைகூடிற்று என்று கூறவியலாது. பிசியோதெரபியைப் போன்ற வலிமை பெற்ற தொழில்கள் தத்தம் சங்கங்களிடத்தே பற்றை வைத்திருந்தன. முன்னோடியான பென்சில்வேனியாப் பள்ளி பின்னர் மூடப்பட்டது. பபலோப் பள்ளியும் 2003-இல் பொதுச் சுகாதாரத்தோடு சேர்ந்து வேறு பெயர் பெற்றது. எனினும் சங்கம் நின்று நிலவுகிறது. அவர் தொடங்கிய ஏடு இன்றும் வெளிவருகிறது. உயர்கல்வியின் சரித்திரத்தை எழுதுவோர் இத்தகைய டீன்களை நிர்வாகிகளின் பட்டியலில் அடக்கிவிடாது, ஸ்தாபகர்களின் வரிசையில் வைத்து ஆராய முன்வருவார்களாக.